அண்டிக்கறை

கருங்கல் சந்தையில், செருப்புக்கடை மாடியில்,
ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று ஒட்டிய கதவை
தோளால் தள்ளித் திறந்தாள் றெஜிலா.
கையால் தள்ளவில்லை.
அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புருவமா, பேசியலா என்றேன்.
துப்பட்டாவுக்குள்ளிருந்து இரண்டு கையையும் எடுத்து
டவல்மேல் மலர்த்தி வைத்தாள்,
விலை படியாத மீனைப் புரட்டிக் காட்டுவதுபோல.

பதினோரு வருஷம் அண்டியாபீஸ். தல்லுகிற வேலை.
சாம்பல் பூசினாலும், ஆமணக்கெண்ணெய் தேய்த்தாலும்
தோட்டின் பால் விரலுக்குள் இறங்கிவிடும்.
பெருவிரலும் ஆள்காட்டி விரலும்
சுட்ட பனங்கிழங்கு.
உள்ளங்கையில் உரிந்த இடத்தில் எல்லாம்
புதுத்தோல் கறுத்தே பிறந்திருந்தது.

"வியாழக்கிழமை கல்யாணமாக்கும்.
மோதிரம் போடும்ப கையை மட்டும் தனியா எடுப்பாராம் போட்டோக்காரர்,
மண்டபத்துல பெரிய ஸ்கிரீன்ல காட்டுவாராம்.
வெளுக்க வச்சுத் தாருங்கக்கா.
முகத்துக்கு ஒண்ணும் வேண்டாம்."

மாப்பிள்ளைக்கு மஸ்கட்.
போனை அரிசிப்பானைமேல் சாய்த்து வைத்து
கையைக் காட்டாமலே பேசின எட்டு மாதம்.
அங்க என்ன அவ்வளவு குளிரா என்று
ஒருநாள் கேட்டாராம்.

எலுமிச்சை, சர்க்கரை. தேய்த்தேன்.
பிறகு ப்ளீச்.
ஏழாவது நிமிடம் அவள் உதட்டைக் கடித்தாள்.
எரியுதா?
"அண்டிப்பாலு இதைவிட எரியும். இருக்கட்டு."
கழுவித் துடைத்தேன்.
டவல்தான் வெள்ளையாக இருந்தது.

மெஹந்திக் கோனை எடுத்து
ஒரு கொடி, ஒரு இலை வரைந்து பார்த்தேன்.
கரும்பலகையில் கரித்துண்டால் எழுதினது மாதிரி
எழுதின எனக்கே தெரியவில்லை.

"விடுங்கக்கா. ரேஷன்கடை மெஷினே இந்த விரலை நம்பாது.
தொடச்சு வை, அழுத்தி வைம்பான்.
மூணாவது தடவை அது சொல்லும்,
இது றெஜிலா இல்லேண்ணு."

வெள்ளை நெட் கையுறை உண்டு, வாடகைக்கு என்றேன்.
"மோதிரத்துக்குக் கழத்தணும்லா."

மின்விசிறி சுற்றியது.
கீழே யாரோ ஒரு ஜோடி செருப்புக்கு
இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தார்.
அவள் கண்ணாடியில் தன் முகத்தை
அதேபோல, வாங்கலாமா வேண்டாமா என்று
பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூக்கு குத்த எவ்வளவு?"

மூன்று நாளில் ஆறாது பிள்ளே.
வீங்கும். தக்காளி மாதிரி நிற்கும்.
உங்க சபையில் பேசுவார்கள்,
உங்க வீட்டில் ஒருத்தரும் மூக்குத்தி போட்டதில்லை அல்லவா?

"அதுக்குத்தான்.
எல்லாரும் மூக்கைப் பாத்துக்கிட்டு இருப்பினும்.
கையை ஒருத்தரும் பாக்கமாட்டினும்."

பேனாவால் புள்ளி வைத்தேன். இடது பக்கம்.
கொஞ்சம் பெரிய கல்லாகக் கேட்டாள்,
கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி.
டிக்.
இடது கண் மட்டும் ஒழுகியது.
அது அழுகை இல்லை, நரம்பு.
கைக்கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தாள்.
சிரித்தாள், வலித்தது,
வலிக்க வலிக்க இன்னொரு தரம் சிரித்தாள்.

மூக்குக்கு முந்நூறு.
"கைக்கு?"
கை வெளுக்கவில்லையே, வேண்டாம்.
"பாடுபட்டீங்கல்லா, வாங்குங்க.
சொத்தை அண்டிக்கு எங்களுக்குக் கூலி கிடையாது.
உங்களுக்காவது இருக்கட்டு."

மேசையில் வைத்த நோட்டை அந்த விரலால்
என் பக்கம் தள்ளினாள்.
கதவை, இந்த முறை, கையால் இழுத்தாள்.

கைக்கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்தேன்.
நாலு விரல் பதிந்திருந்தது,
ரேகை இல்லாமல், வழுவழுவென்று நாலு வட்டம்.
துடைக்கத் துணியை எடுத்தபோது
அடுத்தவள் வந்துவிட்டாள், புருவத்துக்கு.